வேலியோரம் நின்று கேட்கிற சனம்

நெளுக்குளத்தில் தேர்தல் காலத்து மக்கள் சந்திப்புக்கு வந்தால் மேடையை விடுங்கோ, கதிரைகளைப் பாருங்கோ. முன்வரிசை வெறுமையாகக் கிடக்கும். சனம் வந்துதான் இருக்கும். கொஞ்சப்பேர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி ரோட்டுக்கு அந்தப்பக்கம், மற்றவை பக்கத்து வீட்டு வேலியோரம்.

"எங்கட சனத்துக்கு அரசியலில ஆர்வமில்லை" என்று கம்பஸில் சிலர் சொல்லுவினம். நுளம்புக்கடியில் ஒரு மணித்தியாலம் நின்று கேட்கிறவருக்கு ஆர்வமில்லையோ? கதிரையில் இருந்தால் படத்தில விழும். அதுதான் விசயம்.

பயம் சும்மா வந்ததில்லை. 2011 ஜூன் 16, யாழ்ப்பாணம் அளவெட்டியில் உள்ளூராட்சித் தேர்தலுக்காகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நடத்திய கூட்டத்துக்குள் இராணுவத்தினர் தடிகளோடு புகுந்து அடித்தார்கள். மாவை சேனாதிராசா, சுமந்திரன் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களின் பாதுகாப்புக்கு நின்ற பொலிசாருக்கும் அடி விழுந்தது. எம்பிமாரின் கூட்டத்துக்கே அந்தக் கதியென்றால், வேலியோரத்து அப்பு என்ன நினைப்பார்? அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரம் 1978 அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் அப்பவும் இருந்தது. ஜூலை 23 வாக்களிப்பில் வடக்கின் பெரும்பாலான சபைகளைக் கூட்டமைப்பே வென்றது. வாக்குப்பெட்டிக்கு முன்னால் சனம் தனியாக நிற்கும், அங்கே பயமில்லை. கூடி இருக்கிறதுதான் கஷ்டம்.

தேர்தல் காலத்தில் ஊர்வலத்துக்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது. இரண்டு கட்சிக்காரர் ஒரே ரோட்டில் முட்டுப்படாமல் இருக்க அது நல்லதென்றே நினைக்கிறேன். கூட்டத்துக்கு அந்தத் தடை இல்லை.

இப்ப தடியோடு ஆரும் வாறேல்லை. ஆனால் எல்லாருடைய கையிலும் போன். ஐ.நா. மனித உரிமைகள் குழு 2020இல் வெளியிட்ட 37ஆம் பொதுக் கருத்துரை, அதிகாரிகள் தகவல் சேகரிப்பது கூட்டத்துக்கு வருகிறவர்களை மிரட்டுவதற்காக இருக்கவே கூடாது என்கிறது. சரி, வேட்பாளரின் ஆளே ஃபேஸ்புக் லைவ் போட்டால்? அதைப் பார்க்கிறவர் எல்லாரும் ஆதரவாளரோ?

"அரசாங்க வேலைக்கு எழுதப்போற பிள்ளை நீ. கேள், முகத்தைக் காட்டாத" என்பது அம்மாவின் கட்டளை. கலைப்பீடத்தில் படிக்கிற எனக்கு ஆசிரியர் நியமனம்தான் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வழி என்பது அவவுக்குத் தெரியும். அவவோடு வாதாட என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை.

போனமுறை நானும் ஒரு சிநேகிதியும் இரண்டாம் வரிசையில் இருந்தோம். லைவ் போட்ட அண்ணையிடம், "எங்களை எடுக்காதேங்கோ, மேடையை மட்டும் எடுங்கோ" என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் போனைத் திருப்பினார்.