மேலே எது, கீழே எது? அப்பாவின் இரட்டை இறக்கை விமானம்!

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. கிணத்துக்கடவு பக்கம் உறவினர் ஒருவரின் தரிசு நிலம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழுவதற்குள் பறக்கவிட வேண்டும் என்பதால், அப்பாவும் மகளும் கோவையிலிருந்து இருட்டிலேயே கிளம்பி வந்திருந்தார்கள்.

சிவப்பு நிற இரட்டை இறக்கை விமானம் நிலத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. அப்பா அதை மெதுவாக உருட்டித் தலைகீழாக்கினார். அப்படியே கொஞ்ச தூரம் ஓடவிட்டு, மறுபடி நிமிர்த்த வேண்டும். நூறு முறை செய்த வித்தைதான். ஆனால், அன்றைக்கு நிமிர்த்தவில்லை. ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டதாக நினைத்து, மேலே ஏற்றுவதற்காக ஸ்டிக்கை இழுத்தார். தலைகீழாகப் பறக்கும் விமானத்துக்கு ‘மேலே’ என்றால் அது பூமிதான்!

ஒரு சத்தம். கொஞ்சம் புழுதி. அவ்வளவுதான்.

“காத்து தள்ளிப்போடுச்சு கண்ணு” என்றார் அப்பா.

மகள் வேலிக் கம்பத்தில் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

தேக்கு தெரிந்த கைகள்

அப்பாவுக்கு 58 வயது. கோவையில் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்வது அவர் தொழில். பம்ப் செட்டின் இரும்பு உடலை வார்ப்பதற்கு முன்பு, அதே வடிவத்தில் மரத்தால் ஒன்று செய்து மணலில் பதிப்பார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும் என்பதால், அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் மரத்தை இழைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வார்ப்பு திரும்பி வந்துவிடும். முப்பது வருடங்களாக அவருடைய வேலை அப்படித் திரும்பி வந்ததில்லை.

அந்தக் கைகளுக்கு பால்சா மரம் முதலில் பழகவில்லை. எடையில் தேக்கின் கால்வாசிகூட வராத மரம் அது. தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் அதிகமாக விளைவது. “கையில வெச்சா இருக்கிறதே தெரியல” என்று சிரித்தவர், பிறகு அதிலேயே கிடந்தார்.

அவர் தேர்ந்தெடுத்தது பிட்ஸ் ஸ்பெஷல். அமெரிக்காவின் கர்டிஸ் பிட்ஸ் வடிவமைத்து, 1944-ல் முதன்முதலில் பறந்த சாகச விமானம். குட்டையான இரண்டு இறக்கைகள், ஒன்றன் மேல் ஒன்றாக. பெட்டி ஸ்கெல்டன் என்ற பெண் விமானி சாகசப் போட்டிகளில் ஜெயித்த பிட்ஸ் விமானத்தை, இன்றைக்கும் வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த நாளில்தான் அப்பாவுக்கு ஆசை பிடித்தது.

கட்டி முடிக்க 14 மாதங்கள் ஆயின. இறக்கையின் நீளம் 1.2 மீட்டர். ஒற்றை இறக்கை விமானமென்றால் ஓர் இறக்கையின் கோணத்தைச் சரிபார்த்தால் போதும். இதில் மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரு டிகிரி தவறினாலும் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். பேட்டர்ன் மேஜையின் கண்ணாடிப் பலகைமேல் வைத்து அவர் அதைச் சரிபார்த்த விதத்தைப் பார்த்து, “ஏனுங்க, எனக்கு ஒரு அலமாரி செஞ்சு தர நேரமில்ல, இதுக்கு நேரமிருக்குதாக்கும்” என்று அம்மா சொன்னது வீட்டில் இன்றைக்கும் பிரபலம்.

இன்ஜின் போய் மோட்டார் வந்தது

முதலில் அதில் இருந்தது கிளோ இன்ஜின். மெத்தனாலும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடுவது. மெத்தனால் கிடைப்பது கஷ்டமானதும், விமானம் பல மாதங்கள் சுவரில் தொங்கியது.

மகள் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரு மோட்டார் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். “கரன்ட்டுக்கு மாத்திடலாங்கப்பா” என்றாள். “சத்தமில்லாம பறந்தா அது விமானமா?” என்றார் அப்பா. இரண்டு வாரங்கள் இழுத்தடித்துவிட்டு, அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

இன்ஜினைக் கழற்றியதும் புதுச் சிக்கல். இன்ஜினும் சைலன்ஸரும் சேர்ந்து அரைக் கிலோ இருந்தன. வந்த மோட்டார் 200 கிராம்தான். மூக்கில் எடை குறைய, வால் கனத்துவிட்டது. வால் கனத்த விமானத்தைக் கட்டுப்படுத்துவது மிகவும் கடினம்.

“மூக்குல ஈயம் கட்டிடலாங்களாப்பா?” என்றாள் மகள்.

“சும்மா கெடக்குற எடையை எதுக்குத் தூக்கிட்டுப் பறக்கோணும்? இருக்கிற எடையை நகத்து” என்றார் அப்பா.

350 கிராம் லிப்போ பேட்டரியை மோட்டாருக்கு நேர் பின்னால் கொண்டுபோனார்கள். மேலே இறக்கை மறைப்பதால் அங்கே கை நுழையாது. எனவே, வயிற்றுப் பக்கம் சின்னக் கதவு வெட்டி, காந்தம் வைத்து மூடினார்கள். மோட்டார் சூடாகாமலிருக்க, முன்னால் காற்று நுழையும் ஓட்டையைவிடப் பின்னால் வெளியேறும் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள்.

மீட்டர் வைத்துப் பார்த்தாள் மகள். 42 ஆம்பியர், 14.4 வோல்ட். சுமார் 600 வாட். விமானத்தின் எடை 1.8 கிலோ. அதாவது கிலோவுக்கு 330 வாட். சாகசத்துக்குத் தாராளம்.

அப்படி இருவரும் சேர்ந்து மாற்றிய விமானம்தான் அன்று காலை தரிசு நிலத்தில் துண்டுகளாகக் கிடந்தது.

வளைந்தது எது?

பொறுக்கியதைச் சாக்குப் பையில் அள்ளி வந்தார்கள். மேல் இறக்கை முழுதாகப் போய்விட்டது. மறுநாளே அப்பா புதிய இறக்கைக்குக் குச்சி தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் குச்சி நேராக இருக்க வேண்டும். ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கினார். “வளைஞ்சிருக்கு.” அடுத்ததையும் ஒதுக்கினார். மூன்றாவதையும்.

“எல்லாமே வளைசலா அனுப்பியிருக்கான் பாரு.”

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், ஒதுக்கிய மூன்றையும் மகள் கண்ணாடிப் பலகைமேல் வைத்தாள். ஒரு தாள் நுழையக்கூட இடைவெளி இல்லை. மூன்றும் அம்பு மாதிரி நேராக இருந்தன.

அவளுக்கு வயிற்றைப் பிசைந்தது. சில நாள்களாகவே அப்பா ஸ்கேலைப் படிக்கும்போது வலது கண்ணை மூடிக்கொள்வது நினைவுக்கு வந்தது. மூன்று மாதங்களில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியதும் நினைவுக்கு வந்தது.

“அப்பா, குச்சி நேராத்தானுங்க இருக்குது.”

“முப்பது வருஷமா பேட்டர்ன் போட்டவனுக்கு நேர்கோடு சொல்லித் தர்றியா?”

அதற்குமுன் அவர் அப்படிக் கத்தியதில்லை. இரண்டு நாள்கள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் இரவு அவரே வந்து உட்கார்ந்தார். “அன்னைக்கு காத்து இல்ல கண்ணு. மேல எது, கீழ எதுன்னு எனக்குத் தெரியல.”

சொல்லாமல் விடுவது

கண் மருத்துவமனையில், கட்டம் போட்ட ஒரு சின்ன அட்டையைக் காட்டினார்கள். இடது கண்ணால் பார்த்தபோது கட்டங்கள் ஒழுங்காக இருந்தன. வலது கண்ணால் பார்த்தபோது நடுவில் இருந்த கோடுகள் நெளிந்தன. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்த்த டாக்டர், சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுப்பகுதி நீர் கோத்து வீங்கியிருப்பதாகச் சொன்னார்.

“சுகர் எத்தனை வருஷமா இருக்கு?”

“பதினொண்ணு.”

“விழித்திரையை எப்பக் கடைசியாப் பார்த்தீங்க?”

அப்பா பதில் சொல்லவில்லை. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதைத்தான் இத்தனை நாளும் கண் பரிசோதனை என்று நினைத்திருந்தார்.

நம்மில் பல வீடுகளில் நடப்பதுதான் இது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடும்போது, ஆரம்பத்தில் வலி இருக்காது. பார்வையும் நன்றாகவே இருக்கும். தெரிய ஆரம்பிக்கும்போது பாதிப்பு முற்றியிருக்கும். அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள்.

அப்பாவுக்கு மாதம் ஒன்றாகக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். வீக்கம் வடிந்தது. போன பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இருக்கும் பார்வையைக் காப்பாற்ற முடிந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். டீயில் சர்க்கரை போனது. அப்பாவும் வாயைத் திறக்கவில்லை.

“இனி விமானம் வேண்டாம். யார் தலையிலயாச்சும் விழுந்தா?” என்றார் ஒருநாள், சுவரைப் பார்த்தபடி. அவர் பயம் நியாயமானதுதான். 1.8 கிலோ எடை, சுழலும் புரொப்பெல்லர். விளையாட்டில்லை.

மகள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு நிற ஃபிலிம் ரோல்கள் வாங்கி வந்தாள்.

அப்பாவின் கண்ணுக்கு ஏற்ற விமானம்

பழைய விமானம் மேலும் கீழும் ஒரே சிவப்பு. அழகுதான். ஆனால், வானத்தின் வெளிச்சத்தில் எந்த நிறமானாலும் கறுப்பாகத்தான் தெரியும். எனவே, இம்முறை மேல்பக்கம் பளிச்சென்ற மஞ்சள். கீழ்ப்பக்கம் கை அகலத்துக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். பட்டை தெரிந்தால் வயிறு, தெரியாவிட்டால் முதுகு. இஸ்திரிப் பெட்டி மாதிரியான சின்ன அயர்னால் ஃபிலிமைச் சூடேற்றி ஒட்டியது மகள். ஸ்பார் குச்சிகளைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, விரலால் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அப்பா. கண் சொல்வதை இப்போதெல்லாம் அவர் விரலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறார்.

ஸ்டிக்கின் வேகத்தைக் குறைத்தார்கள். இலுப்பை மரத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று எல்லை போட்டார்கள்.

கடைசி மாற்றம் விமானத்தில் இல்லை, ரிமோட்டில்.

மகளுக்கு 12 வயதில், பறக்கக் கற்றுக்கொடுத்தது அப்பாதான். இரண்டு ரிமோட்களை ஒயரால் இணைப்பார். ஒன்று ஆசிரியர் கையில், மற்றது மாணவர் கையில். ஆசிரியர் ஒரு ஸ்விட்ச்சை அழுத்திப் பிடித்திருக்கும் வரை, விமானம் மாணவர் சொல்வதைக் கேட்கும். விரலை எடுத்தால், அந்த விநாடியே ஆசிரியரிடம் வந்துவிடும். ஒவ்வொரு முறை தரையிறங்கியதும் அவள், “அப்பா, முழுசும் நானேதான் ஓட்டினனா?” என்று கேட்பாள். “முழுசும் நீதான் கண்ணு” என்பார் அவர். அது பொய் என்று அவளுக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது ஒயர் இல்லை. மாணவர் ரிமோட்டை அப்பாவிடம் நீட்டினாள் மகள். அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாங்கிக்கொண்டார்.

முழுசும் யார்?

டிசம்பர் மாதம். அதே நிலம், அதே ஆறரை மணி. மஞ்சள் விமானம் கிளம்பியது. அப்பா ஒரு வட்டம் போட்டார். ஒரு லூப். கொஞ்சம் கோணல்தான், ஆனால் லூப். பிறகு உருட்டினார். விமானம் தலைகீழானது. மகளின் விரல் ஸ்விட்ச்சில் வியர்த்தது.

“பட்டை மேல இருக்கு” என்றார் அப்பா, சத்தமாக, தனக்குத்தானே. “அப்ப தலைகீழ்.” ஸ்டிக்கை முன்னால் தள்ளினார். தலைகீழாகவே உயரம் பிடித்தது விமானம். பிறகு நிதானமாக நிமிர்த்தினார்.

இறங்கும் நேரம். இரட்டை இறக்கை விமானம் காற்றை அதிகம் எதிர்க்கும். மோட்டாரை முழுதாக நிறுத்தினால் மிதக்காது, கல் மாதிரி இறங்கும். அப்பா கொஞ்சம் சீக்கிரமே நிறுத்திவிட்டார். மகள் ஸ்விட்ச்சிலிருந்து விரலை எடுத்தாள். ஒரே ஒரு தள்ளு. இரண்டு விநாடிகள். மறுபடி அழுத்திக்கொண்டாள். சக்கரங்கள் புல்லில் தொட்டு, துள்ளி, நின்றன.

அப்பா மூச்சு விட்டார். “முழுசும் நானேதான் ஓட்டினனா?”

“முழுசும் நீங்கதானுங்கப்பா.”

அவர் விமானத்தை எடுக்க நடந்தார். பாதியில் திரும்பினார்.

“என் ஸ்டிக் கீழதான் இருந்துச்சு. மோட்டார் சத்தம் மட்டும் ஏறுச்சே, அது எப்படி? கண்ணுதான் கண்ணு கொறைஞ்சிருக்கு. காது நல்லாத்தான் இருக்குது.”

இருவரும் சிரித்தார்கள். அப்பா வயிற்றுக் கதவைத் திறந்து, பேட்டரியை மாற்றி மூடினார்.

“இன்னொரு தடவை போலாம். இந்தத் தடவை அந்த எடத்துல நானே குடுக்கறேன். நீ ஸ்விட்ச்ச விட்டுறாத.”