கோப்பில் பிறந்த நகரமும் குளத்தங்கரை ஊரும்

பிரிவினையில் லாகூர் கைவிட்டுப் போனதும் இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போயிற்று. அரசு அலுவலகங்களைத் தற்காலிகமாகச் சிம்லாவில் வைத்துக்கொண்டு, சிவாலிக் மலையடிவாரத்தில் புதிதாக ஒரு நகரமே கட்டிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அங்கிருந்த கிராமங்களை அகற்றி, அருகிலிருந்த சண்டி கோயிலின் பெயரைச் சூட்டி எழுந்ததுதான் சண்டிகர்.

முதல் வரைபடம் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயருடையது. அவருடைய கூட்டாளி மாத்யூ நோவிட்ஸ்கி 1950-இல் விமான விபத்தில் இறந்துபோக, அதிகாரி தாப்பரும் பொறியாளர் வர்மாவும் ஐரோப்பாவுக்குப் போய் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயை அழைத்து வந்தார்கள். பெயரும் புகழும் அவருக்கே போயின. ஆனால் மக்கள் குடியிருக்கும் வீடுகளைப் பெரும்பாலும் வடிவமைத்தவர்கள் பியர் ஜானெரே, மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகிய மூவர். கொர்பூசியேயின் உறவினரான ஜானெரே 1965 வரை அங்கேயே தங்கி வேலை பார்த்தார். அவருடைய அஸ்தி சுக்னா ஏரியில்தான் கரைக்கப்பட்டது. நகரம் யாருக்கு அதிகம் கடன்பட்டிருக்கிறது என்று என்னைக் கேட்டால், ஜானெரேயைத்தான் சொல்வேன்.

நகரத்தைச் செக்டர்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு செக்டர் என்பது 800 மீட்டருக்கு 1,200 மீட்டர். நாலு பக்கமும் வேகச் சாலை. வீடுகளெல்லாம் உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். கடை, பள்ளி, பூங்கா எல்லாம் நடக்கும் தூரத்தில். பெரிய சாலையில் போகும் ஆளுக்கு மரங்களும் மதில்களும் ரவுண்டானாக்களும்தான் கண்ணில் படும். எல்லா ரவுண்டானாவும் ஒன்றுபோலவே இருப்பதால் புதிதாக வருபவர் வழி தவறுவது நிச்சயம். அதற்கு ஈடு அந்த மரங்கள். பிரிவினை அகதிகளைக் குடியமர்த்தும் பணியை நடத்திய எம்.எஸ். ரந்தாவாதான் எந்தச் சாலைக்கு எந்த மரம் என்று பார்த்துப் பார்த்து நடச் செய்தவர். சரக்கொன்றை பூக்கும் மே மாதத்தில், வெயிலையும் மறந்து நடக்கத் தோன்றும்.

கேபிடல் வளாகத்தை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும். அடையாள அட்டையும் வேண்டும். சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் மூன்றும் கான்கிரீட் மலைகள். 1966-இல் ஹரியானா பிரிந்த பிறகு இரண்டு மாநிலங்களும் இவற்றைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. உயர் நீதிமன்றத்தில் வெயிலும் மழையும் உள்ளே அடிக்க, பின்னாளில் ஒரு தாழ்வாரம் சேர்க்க வேண்டியதாயிற்று. மேதைகளும் பஞ்சாப் வெயிலுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். காற்றுக்குத் திரும்பும் 26 மீட்டர் உயரத் ‘திறந்த கை’ சின்னம் எழுந்தது 1985-இல். கொர்பூசியே மறைந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. 2016-இல் யுனெஸ்கோ இந்த வளாகத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எனக்குப் பிடித்தது இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நேக் சந்த், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து அகதியாக வந்தவர்; பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். நகரத்துக்காக இடித்த கிராமங்களின் உடைசல்களை, கண்ணாடி வளையல் துண்டு, பீங்கான் சில்லு, மின்சாரப் பிளக்கு என்று சைக்கிளில் சுமந்துபோய், கட்டடம் கட்டத் தடை இருந்த காட்டுக்குள் 1957 முதல் யாருக்கும் தெரியாமல் ஒரு பொம்மை ராஜ்யத்தை எழுப்பினார். எழுபதுகளில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்காமல் 1976-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அங்குலம் அங்குலமாகத் திட்டமிட்ட ஊரில் இன்று கூட்டம் மொய்ப்பது திட்டத்தில் இல்லாத இந்தப் பாறைத் தோட்டத்தில்தான்.

31-ஆம் செக்டரில் ஒரு முருகன் கோயிலும் உண்டு. வேலைக்காக வடக்கே வந்த தமிழர்கள் பங்குனி உத்திரத்துக்கு அங்கே கூடுகிறார்கள்.

சண்டிகரிலிருந்து டில்லிக்குப் போகும் பேருந்தில் ஏறி, அம்பாலா தாண்டிப் பிப்லியில் இறங்கினால் குருக்ஷேத்திரம். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், ரயிலும் உண்டு. மகாபாரதப் போர்க்களம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். நெல்லும் கோதுமையும் விளையும் தட்டை நிலம், கல்லூரி விடுதிகள், டிராக்டர் கடைகள். குருக்ஷேத்திரம் என்பது ஓர் ஊரல்ல, 48 கோசச் சுற்றளவுள்ள புண்ணிய பூமி என்று பண்டாக்கள், அதாவது தீர்த்தப் புரோகிதர்கள், விளக்குவார்கள்.

இங்குள்ள புனிதக் குளமான பிரம்ம சரோவரின் கரையைச் சுற்றி வர முக்கால் மணி நேரமாவது ஆகும். நேர்கோட்டுப் படித்துறைகள், வளைவு வளைவாக மண்டப வரிசை, கால்வாயில் வந்து நிரம்பும் தெளிந்த நீர். எல்லாம் அளந்து போட்டதுபோல் இருக்கிறதே என்று தோன்றும். அளந்து போட்டதுதான். தீர்த்தம் புராண காலத்தது; சூரிய கிரகணத்தன்று இங்கே நீராட வரும் கூட்டத்தைப் பற்றி, கஜினி முகமது காலத்து அறிஞர் அல்பிரூனியே எழுதியிருக்கிறார். 1567-இல் குளக்கரையில் உட்காரும் இடத்துக்காக இரண்டு சந்நியாசிக் கூட்டங்கள் வெட்டிக்கொண்டதை அக்பர் நேரில் பார்த்தார் என்பது வரலாறு. ஆனால் இன்று நாம் பார்க்கும் குளத்தின் உருவம் 1968-இல் தொடங்கிய குருக்ஷேத்திர வளர்ச்சி வாரியத்தின் வேலை. அதாவது, 1958-இல் அணை கட்டி உண்டாக்கிய சண்டிகரின் சுக்னா ஏரியைவிட இந்தப் படித்துறைகளுக்கு வயது குறைவு.

வாரியத்தைத் தொடங்கியவர் குல்சாரிலால் நந்தா. இருமுறை இடைக்காலப் பிரதமராக இருந்தவர்; பிறந்தது இன்றைய பாகிஸ்தானில் உள்ள சியால்கோட்டில். சமாதியும் குருக்ஷேத்திரத்திலேயே. இதற்கும் முன்னால், 1947-இன் இறுதியில், நாட்டின் மிகப் பெரிய அகதி முகாம் நடந்தது இந்த நிலத்தில்தான். சுமார் மூன்று லட்சம் பேர் கூடாரங்களில் கிடந்தார்கள். ஆக, ஒன்று நவீனம், மற்றது புராதனம் என்று இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டுமே இன்றைய உருவத்தைப் பெற்றது பிரிவினைக்குப் பிறகு. இரண்டிலும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களுடைய உழைப்புக்குப் பங்கு உண்டு.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. சண்டிகரில் அமைச்சர் முதல் பியூன் வரை பதவிக்குத் தக்கபடி 13 வகை அரசு வீடுகள் வரைந்தார்கள். குருக்ஷேத்திரத்தில் ஜாட், சைனி, குஜ்ஜர், பிராமணர், அகர்வால் என்று சாதிக்கொரு தர்மசாலை. அங்கே சம்பளம், இங்கே சாதி. படிநிலையைச் செங்கல்லில் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஊர்கள் நம் நாட்டிலும் குறைவு.

ஜோதிசர் சற்றுத் தள்ளி. கண்ணன் கீதை சொன்னதற்குச் சாட்சியாக நின்ற மரத்தின் வழித்தோன்றல் என்று ஓர் ஆலமரத்தைக் காட்டுகிறார்கள். அதன் கீழே உள்ள சலவைக்கல் தேர் 1967-இல் காஞ்சி காமகோடி பீடம் நிறுவியது. சந்நிஹித் சரோவரில் திதி கொடுக்கிறார்கள். பத்ரகாளி கோயிலில் வேண்டுதல் பலித்தவர்கள் குதிரைப் பொம்மை வைக்கிறார்கள். நம் அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே அந்நியம் தெரியாது.

யாத்ரீகர்கள் அதிகம் போகாத இடம் தானேசர் பழைய ஊர். ஹர்ஷவர்த்தனரின் குலம் ஆண்ட தலைநகர் அது. பாணர் எழுதியது, யுவான் சுவாங் கண்டது, 1014-இல் கஜினி முகமது சூறையாடியது. ‘ஹர்ஷ் கா டீலா’ என்ற மேட்டில் அகழ்ந்தெடுத்த செங்கல் சுவர்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஒட்டினாற்போல், இளவரசர் தாரா ஷிக்கோவின் குருவாகச் சொல்லப்படும் ஷேக் சில்லியின் 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறை. ஆக்ராவின் சாயல் தெரியும் வெண்ணிறக் குவிமாடம்.

அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். டிசம்பர் இறுதியில் மூடுபனி வந்துவிட்டால் ரயில்கள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கிரகண நாளில் பக்தி இருந்தால் மட்டும் போகலாம். ஊர் பார்க்க அது ஏற்ற நாளல்ல. பிரம்ம சரோவரில் முழுகி, ஜோதிசரில் கும்பிட்டு, அப்படியே வண்டியேறிவிடாதீர்கள். குருக்ஷேத்திரத்தில் உண்மையிலேயே பழையதாக மிஞ்சியிருப்பவற்றுள் பெரும்பகுதி தானேசர் மேட்டில்தான் இருக்கிறது.