கானாவைத் தறியில் தொடங்கலாம்

பெரணமல்லூர், மார்ச் 6

இன்று கானாவின் விடுதலை நாள். 1957-இல் குவாமே இன்க்ருமா தலைமையில் பிரிட்டனிடமிருந்து விடுபட்ட நாடு அது. அதற்கு முன் தங்கக் கடற்கரை என்று பெயர். இப்படி ஆண்டும் பெயருமாகச் சொன்னால் பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவைக் காட்ட நமக்குப் பழகிப்போன வழிகள் இரண்டு: காடும் சிங்கமும், இல்லாவிட்டால் பஞ்சமும் ஒட்டிய வயிறும். முதலாவதைப் பார்த்து வாய்பிளக்கலாம், இரண்டாவதைப் பார்த்து உச்சுக்கொட்டலாம். இரண்டிலுமே அந்த நாட்டு மனிதர் எந்த வேலையும் தெரிந்தவராக வருவதில்லை. பட்டுத்தறிச் சத்தத்தில் வளரும் இவ்வூர்ப் பிள்ளைக்குக் கானாவைத் தறியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

குமாசி நகருக்குப் பக்கத்தில் போன்விரே என்றோர் ஊர், கெந்தே துணிக்குப் பேர்போனது. அங்கே தறியில் இறங்கும் துணியின் அகலம் சுமார் நாலு அங்குலம்தான். இங்கே மிதிகட்டையை அழுத்துகிறோம். அங்கே விழுதிலிருந்து தொங்கும் கயிற்றைக் கால்விரல் இடுக்கில் பிடித்து மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். பாவு உருளையில் சுற்றியிருக்காது. நெசவாளருக்கு எதிரே தரையோடு நீண்டு, கல்பாரம் ஏற்றிய சறுக்குப் பலகையில் கட்டியிருக்கும். நெய்ய நெய்ய அது மெல்ல நகர்ந்து வரும். இப்படி நெய்த பட்டைகளில் இருபதுக்கு மேல் ஒன்றோடொன்று தைத்தால்தான் ஓர் ஆள் போர்த்தும் துணி. கட்டங்கள் பட்டைக்குப் பட்டை பொருந்த வேண்டுமானால் நெய்யும்போதே கணக்கு தப்பக் கூடாது. கோர்வை போடும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கஷ்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நூல் கதையும் அப்படியே. 18-ஆம் நூற்றாண்டில் அசாந்தே மன்னர் ஒப்போக்கு வாரே காலத்தில், ஐரோப்பியர் கொண்டுவந்த பட்டுத் துணிகளை இழை இழையாகப் பிரித்து, அந்த நூலில் தங்கள் துணியை நெய்தார்கள் என்று டேனிஷ் வணிகர் குறிப்பு சொல்கிறது. கர்நாடகத்துப் பட்டுநூல் விலை ஏறினால் கலங்கும் ஊருக்கு இது அந்நியக் கதையா?

மார்ச் 7

துணியை மட்டும் காட்டினால் சிங்கம் போய்த் துணி வந்தது என்றுதானே ஆகும்? நியாயமான கேள்வி. கெந்தேயை அழகுப் பொருளாகக் காட்டி நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். ஆனால் அந்தத் துணிக்குள் அரசியலும் இருக்கிறது. இன்க்ருமா எகிப்துப் பெண்ணான ஃபாத்தியாவை மணந்தபின், ‘இன்க்ருமாவுக்கு ஏற்றவள் ஃபாத்தியா’ என்று ஒரு கெந்தே வகைக்குப் பெயர் வந்தது. 1966-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தபின் அதே துணி ‘ஒருவர் மட்டும் நாடாள்வதில்லை’ என்று பெயர் மாறியது. ஒரு துணியின் பெயர் ஏன் மாறியது என்று கேட்கும் பிள்ளை ராணுவப் புரட்சி வரைக்கும் தானே வந்துவிடும். கோகோ, சுரங்கத் தங்கம், அக்ராவின் நெரிசல் எல்லாம் அதன் பின்னால் வரட்டும்.

இன்னொரு முணுமுணுப்பும் உண்டு: பிள்ளைகள் தறியை விட்டுப் போகட்டும் என்றுதான் பெற்றோர் படிக்க வைக்கிறார்கள், மறுபடியும் தறியா? நெய்யச் சொல்லவில்லையே. தார் சுற்றிய கைக்குத் தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத நாட்டை அளக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். பொறியியல் படிக்கப் போகிறவளுக்கும் அது நஷ்டமில்லை.

மார்ச் 9

அடிமை வியாபாரத்தைச் சொல்வதா, மறைப்பதா என்பதுதான் கடினமான இடம். தறியில் தொடங்கினால் மறைக்க முடியாது. வந்தவாசிக்குக் கிழக்கே கடற்கரையில் இருக்கும் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை டச்சுக்காரர்களுடையது. கானாக் கரையில் போர்த்துக்கீசியர் 1482-இல் கட்டத் தொடங்கிய எல்மினா கோட்டையை 1637-இல் பிடித்ததும் அவர்களே. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி ஐரோப்பா வழியாக அந்தக் கரைக்குப் போய், மனிதர்களுக்கு விலையாகக் கைமாறியது. நெய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை; அவர்கள் மேல் பழி போடவும் வேண்டாம். மூன்றாம் வகுப்புக்கு விரலிடுக்குக் கயிறும் நாலங்குலப் பட்டையும் போதும். எல்மினாவை எட்டாம் வகுப்பில் சொல்லலாம், சதுரங்கப்பட்டினத்துக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிற அன்றைக்கே.