சனிக்கிழமைக்கு ஒரு வட்டப் பாதை

ராத்திரி பதினொண்ணு. வரைபடத்தை மடிக்க மனசே வரல.

சைப்ரஸ். அகாமாஸ் தீபகற்பம். அஃப்ரோடைட் பாதை.
7.5 கிலோமீட்டர்தான். கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்துடலாம்.

அஃப்ரோடைட் நீராடினதா சொல்ற சுனைகிட்ட ஆரம்பம்.
ஏறிப் போனா பிர்கோஸ் டிஸ் ரிகேனாஸ் இடிபாடு. பக்கத்துல பெரிய ஓக் மரம்.
கட்டுச்சோத்தை அந்த நிழல்லதான் பிரிக்கணும். முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம் மூட்டி டிஸ் சோடிராஸ் உச்சி. 370 மீட்டர்.
ஒரு பக்கம் அர்னவுட்டிஸ் முனை, இன்னொரு பக்கம் போலிஸ் ஊர் விரிகுடா.
இறங்கினா கடலை ஒட்டியே திரும்பி வரலாம்.

ஏப்ரல் மாசம், காட்டுப்பூ இருக்கும். நிழல்தான் குறைச்சல்.
ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, விடிஞ்சதும் கிளம்பணும்.

இன்னைக்கு சாயங்காலம் அம்மா, "நானும் வர்றேன்டா"ன்னாங்க.
61 வயசு. அப்பா போனப்புறம் அவங்களா ஒரு இடத்துக்கு வர்றேன்னு சொன்னது இதான் முதல் தடவை.
அப்போலேர்ந்து வரைபடத்தை வேற கண்ணால பார்க்கறேன்.

ஏத்தத்துக்கு அவங்க அசர மாட்டாங்க.
உச்சியிலேர்ந்து கடல் பக்கம் இறங்கற சரளைக்கல்தான் பயம். முழங்கால் இறக்கத்துலதான் நோகும்.
எதிர்ப்பக்கமா சுத்தினா அந்தச் செங்குத்தை ஏறிடலாம், இறக்கம் பதமா இருக்கும்.

அங்க நடந்தவங்க யாராவது இருக்கீங்களா?
அம்மாவோட போறதுன்னா எந்தப் பக்கமா சுத்துவீங்க?