கடுகுத் தலையணை

எனக்குப் பிரசவம் ஆனதுமே அம்மா கடுகுத் தலையணை தைத்துவிட்டாள். பழைய வாயில் புடவைத் துணி, உள்ளே கடுகு. "தலை உருண்டையா வரணும்டி."

ஒரு வயசு வரை தலையணையே வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ளப் பச்சைப்பிள்ளைக்குக் கழுத்தில் பலம் இருக்காது. அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரச்சாரம் தொடங்கிய சில வருடங்களில், தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? எனக்கு முன்னால் ஒரு அண்ணன். மூன்றாம் மாதம், தூக்கத்திலேயே போய்விட்டான். அவனுக்கும் தலையணை வைத்தாளா என்று நான் கேட்டதில்லை.

"கடுகு சூடும்மா, பிள்ளைக்கு வேர்க்குது" என்று சாக்குச் சொல்லி எடுத்து அலமாரியில் வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி முழுக்கப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.