ஒரு பழைய கிற்றாரின் பாடபேதங்கள்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றையே யாம் எழுதுவோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். எனினும், அண்மையில் எமது மேசைக்கு வந்த பழைய மின்கிற்றார் ஒன்று எம் நெஞ்சை விட்டு அகலாது நிற்கின்றது. அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

அதனைக் கொணர்ந்தவர் எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர். கோயில் திருவிழாக்களிலும் மணவீடுகளிலும் பாடிய இசைக்குழு ஒன்றில் அவர்தம் பெரியதந்தையார் வாசித்த பேஸ் கிற்றார் அது. அப்பெரியவர் இக்கல்லூரியின் பழைய மாணவர். இன்று நம்மிடையே இல்லை. வெளிநாட்டில் வாழும் ஒருவர் அதனை விலைக்குக் கேட்கின்றாராம். மாற்றங்களையெல்லாம் கண்டறிந்து, மூலநிலைக்கு ஆக்கித் தந்தால் நல்ல விலை உண்டென்பது அவர் வாக்கு. "சேர், நீங்கள் ஏட்டிலே இடைச்செருகல் பிடிக்கிறனீங்கள்; இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்றார் மாணவர்.

இவ்வகைக் கிற்றாரை அமெரிக்கரான லியோ பென்டர் 1951ஆம் ஆண்டில் வெளியிட்டார். தந்திகள் நான்கு, தந்தியின் ஒலிக்கும் நீளம் 34 அங்குலம். வீணைக்குப் போலக் கழுத்தில் மெட்டுக்கள் உண்டு. அவற்றாற் சுரம் பிசகாது நிற்றலின், துல்லியம் எனப் பொருள்படும் 'பிரசிஷன்' என்னும் பெயர் இடப்பட்டது.

முகப்பு மூடியைக் கழற்றினோம். உள்ளே இரு மாறுதடைகள். ஒன்றன் முதுகில் 1376633 என்னும் எண் இருந்தது. முதல் மூன்று இலக்கங்கள் செய்தவர் குறி. அடுத்த இரண்டும் 1966ஆம் ஆண்டு. இறுதி இரண்டும் அவ்வாண்டின் 33ஆம் கிழமை. மற்றதில் எண் இல்லை. அதன் பற்றாசும் புதுப்பளபளப்பு உடையது. ஆகவே அது பின்வந்தது.

கழுத்தில் மெட்டுக்களே இல்லை. வெட்டுவாய்களிற் கரிய நாரோடிய மெல்லிய சிராம்புகள் இறுக்கப்பட்டிருந்தன. உருப்பெருக்கி கொண்டு நோக்கினோம், நம்மூர்ப் பனை! ஜாக்கோ பஸ்டோரியஸ் என்னும் அமெரிக்கக் கலைஞரும் மெட்டில்லாக் கிற்றாரினாற் புகழ்பெற்றவரே. அவர் நாடியது ஓசைநயம். இவர் நாடியது யாது? பெட்டியின் மூலையிற் கடதாசியிற் சுற்றியிருந்த பழைய மெட்டுக்கம்பிகள் விடை கூறின. அவை பள்ளம் விழத் தேய்ந்திருந்தன. மாற்றுக்கம்பி கிடையாத காலத்திற் கைக்கெட்டிய பனை உதவியிருக்கின்றது.

இறுதியாக, உடலின் விளிம்பில் ஒரு துளை. மின்கம்பி செருகும் வாய் முகப்பு மூடியில் இருப்பதே மூல முறை. இதிலோ, பழைய ஒலிப்பதிவுக் கருவிகளிற் காணும் ஐந்துதுளைச் செருகுவாய் ஒன்று விளிம்பிலே பொருத்தப்பட்டிருந்தது. மாணவர் திகைத்தார். "உங்கள் பெரியப்பா வீடு எந்த ஒழுங்கை?" என்று வினவினோம். அவர் கூறியதும் எமது ஐயம் நீங்கிற்று. வேறு நிறம் பூசப்பட்டமையாலன்றோ முதலில் அடையாளம் காணாதிருந்தோம்!

1992ஆம் ஆண்டில் எமக்கு வயது 11. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலம் வாங்கவும் வழியில்லை. அப்பெரியவர் வீட்டு முற்றத்தில் துவிச்சக்கரவண்டி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒழுங்கைச் சிறுவர் முறைவைத்து மிதிகட்டையைக் கையாற் சுற்றுவோம். 6 வோல்ற்று, 3 உவாற்றுத் தைனமோ வானொலிப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும். அதன் செருகுவாயிற் கிற்றாரைத் தொடுத்து அவர் வாசிப்பார். எம் கை சோர்ந்தால் இசையும் சோரும். "தம்பி, விடாமற் சுத்தடா" என்னும் குரல் இன்றும் செவியில் உளது.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். எழுதுவோர் பிழையையும் புலவர் பாடத்தையும் பிரித்தறிதல் பதிப்பாசிரியர் கடன். ஆயினும், கற்றோர் ஒருவர் ஏட்டின் ஓரத்தில் வரைந்த குறிப்பினைச் சுரண்டி எறிவார் உளரோ? எண்ணில்லா மாறுதடை வெறும் மாற்றம். பனஞ்சிராம்பும் ஐந்துதுளை வாயும் அக்காலத்துக்கு அப்பெரியவர் எழுதிய உரை.

கண்டவை அனைத்தையும் ஒரு தாளில் ஆண்டோடு எழுதிக் கொடுத்தோம். மாணவருக்குப் பணத்தேவை உண்டென்பதை அறிவோமாதலின், விற்க வேண்டாமென யாம் கூறவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். "பனையும் துளையும் அப்படியே இருக்கட்டும் சேர். விலை குறைஞ்சாலும் பரவாயில்லை. உங்கட தாளையும் வைச்சுத்தான் குடுக்கப்போறன்" என்றார்.

பழைய மாணவர்காள்! நும் வீட்டுப் பரண்களிலும் திருத்தி ஒட்டிய பொருள்கள் பல கிடக்கும். அவற்றைப் புதுக்குமுன், திருத்தியவர் யார், எக்காலத்தில், எதன்பொருட்டு என்பதை ஒரு தாளில் எழுதி வைப்பீராக. அறிந்தவர் இருக்கும்போதே எழுதுதல் நன்று.