ஃபார்மட் பண்ணாதீங்க!

போன வாரம் கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் லோகோ வந்தது, அப்புறம் கும்மிருட்டு. உள்ளே அப்பா கடையின் ஒரு வருட டேலி கணக்கு. பேக்கப்பா? சிரிக்காதீங்க.

அம்பகரத்தூரிலிருந்து காரைக்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் ஒரு கடைக்குப் போன் போட்டேன். "ஃபார்மட் போட்டுடலாம் தம்பி" என்றார். அங்கேதான் பயம் வந்தது. லோகோ வரைக்கும் வருகிறதே, டிஸ்க் ஏன் செத்திருக்க வேண்டும்?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. நம்மூர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் மருந்து ஃபார்மட் இல்லை. சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்றார்கள்.

நானும் அதே வழிதான். லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். இப்படி மூணு தடவை. ரிப்பேர் திரை வந்தது. டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. (பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க எண் கேட்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்க.) சேஃப் மோடில் விண்டோஸ் தன்னுடைய சாதா டிஸ்ப்ளே டிரைவரோடு வரும், அதனால் படம் தெரிந்தது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைப் பிடித்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தேன்.

டேலி திறந்தது. கணக்கு அப்படியே இருந்தது. பென் டிரைவில் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.